தீப்பெட்டி டீச்சர் எடுத்த லீவு

ஒரு காலத்தில் அறிவியல் டீச்சரின் வகுப்பு என்றால் பிள்ளைகள் முன்பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். இப்போது அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தீப்பெட்டி. லேசாக உரசினாலே பற்றிக்கொள்வாளாம்.

அந்த வருஷம் வேலையை விட்டுப்போன இரண்டு பேருக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. அவர்களுடைய வகுப்புகள் எல்லாம் அவள் தலையிலும் கணக்கு சார் தலையிலும் விழுந்தன. கேட்டால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார் ஹெட்மாஸ்டர். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். சாப்பிட உட்கார்ந்தால் பெற்றோர்களின் போன் வரும். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் சீறினாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகப் பழகிக்கொண்டான். மாடியில் குடியிருந்த நாத்தனாரோடு அவளுக்கு என்றைக்குமே ஆகாது.

காலையில் பஸ் ஏறும்போது ஒரு நினைப்பு வரும். இந்த பஸ் எதிலாவது லேசாக மோதாதா, கால் முறிந்து படுத்துக்கிடக்கலாமே என்று. அதை அவள் வேடிக்கையாகக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் வகுப்பில், பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள்.

"உன் மண்டையில ஒண்ணும் இல்லாததால நீயும்தான் மிதப்ப. உட்காரு."

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் குனிந்துகொண்டாள். கண்ணீர் நோட்டில் சொட்டியது. டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். மனசில் சுருக்கென்றுகூட இல்லை. அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

சாயங்காலம், தண்ணி மோட்டாரை அணைக்காமல் விட்டதற்காக நாத்தனார் சண்டைக்கு இறங்கி வந்தாள். டீச்சர் சண்டை போடவில்லை. படியில் உட்கார்ந்து பஸ் நினைப்பையும் வகுப்பில் நடந்ததையும் சொல்லிவிட்டாள். நாத்தனார் நர்ஸ். மோட்டாரை அணைத்துவிட்டு வந்து அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"எங்க வார்டுலயும் இப்படி ஒருத்தி இருந்தா. சோம்பேறின்னு நாங்க எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசினோம். ஒருநாள் கையில ஊசியோட, யாருக்குப் போடணும்னே தெரியாம அப்படியே நின்னுட்டா. எனக்கு உன்னைப் பிடிக்காது, உனக்கும் என்னைப் பிடிக்காது. அது இருக்கட்டும். நாளைக்கு டாக்டர்கிட்ட வா."

இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, ஓய்வே இல்லாமல் உழைத்து மனசு வற்றிப்போயிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு மாதம் லீவு எழுதிக்கொடுத்தார். திரும்பப் போய் அதே சுமையைத் தூக்கினால் மறுபடியும் இங்கேதான் வருவீர்கள் என்றும் சொன்னார்.

பரீட்சை நேரத்தில் மனசு சரியில்லை என்று ஒரு லீவா என்று ஹெட்மாஸ்டர் எரிந்து விழுந்தார். ஆசிரியர் அறையில் நடிப்பு என்றார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். லீவின் முதல் வாரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

திரும்பி வந்ததும் அந்தப் பெண்ணிடம் வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டாள். "சரி மிஸ்" என்று சொன்னாள் அந்தப் பெண். தலையை நிமிர்த்தவில்லை. பிறகு ஹெட்மாஸ்டரிடம் போய், தினமும் ஒரு வகுப்பு நேரம் ஓய்வு வேண்டும், வீட்டுக்குப் போனபின் போன் எடுக்க மாட்டேன் என்றாள்.

"எல்லாரும் இப்படிக் கேட்டா பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்."

"கேட்காம இருந்தா நாங்க ஒவ்வொருத்தரா படுத்துடுவோம் சார். அப்பவும் மூடத்தான் வேணும்."

ஓய்வு நேரத்தை முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். போனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அதை அவளே அணைத்து வைத்தாள். புகார் வந்தது, வரட்டும் என்று விட்டாள்.

கணக்கு சாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "உங்க வகுப்பையும் சேர்த்து நான்தான் இழுத்தேன். சொகுசா படுத்திருந்துட்டு வந்து இப்ப சட்டம் பேசறீங்க" என்றார். அவர் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே மேஜையில் கிடப்பதை அவள் கவனித்தாள்.

"சார், காலையில கிளம்பும்போது, வழியில கால் முறிஞ்சு படுத்துட்டா தேவலைன்னு உங்களுக்கும் தோணுதா?"

அவர் முகம் ஒரு நிமிஷம் வெளிறியது. "உங்க வியாதியை என்மேல ஒட்டாதீங்க" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்விட்டார். அந்த வருஷம் முடியும்வரை அவளோடு பேசவில்லை. டாக்டரின் விலாசத்தைச் சொல்ல அவள் இரண்டு முறை முயன்றாள், இரண்டு முறையும் எழுந்து போய்விட்டார். அதற்குமேல் அவரைத் துரத்த அவளிடம் தெம்பில்லை. இருந்த தெம்பு வகுப்புக்கே சரியாகப் போனது.