ஜெசியின் மாத்திரையும் கரமனைக் கன்வென்ஷனும்

திருவனந்தபுரத்தில் சபைகள் நடத்தும் கன்வென்ஷன் கூட்டங்களுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் போனது ஒரே ஒரு தடவை, எழுபதுகளின் கடைசியில் ஒரு ஜனவரி மாதம். அதுவும் பிரசங்கம் கேட்க அல்ல. என் தங்கை ஜெசி தன் மாத்திரைகளை இனி வேண்டாம் என்று மேடை முன் மேசையில் வைத்துவிட்டு வரப் போவதாகச் சொன்னாள். அதைத் தடுக்கத்தான் கூடப் போனேன்.

ஜெசிக்குக் காசநோய். பதினெட்டு மாதம் மாத்திரை என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு மாதம் முடிந்து, இருமல் நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பாதியில் விட்டால் நோய் திரும்பும், அப்புறம் அதே மருந்துக்குக் கேட்காது என்று அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஆனால் அவள் சேர்ந்திருந்த சபையில் மருந்து சாப்பிடுவது அவிசுவாசம். மருந்து எடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து அப்பத்துக்குக் கைநீட்டக் கூடாது. அவள் மாத்திரை சாப்பிடுவது அங்கே யாருக்கும் தெரியாது. இருந்தும் மனசாட்சிக்குப் பயந்து நான்கு மாதமாக அவளாகவே கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோயைவிட அதுதான் அவளை அதிகம் அரித்தது.

சனிக்கிழமை காலை 6.10-க்கு நாகர்கோவிலில் பஸ். 65 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் மூன்றே கால் ரூபாய். கன்வென்ஷன் நடக்கும் கரமனை வழியாகத்தான் பஸ் போகிறது. அது தெரியாமல் தம்பானூர் வரை போய் இறங்கி, மூன்று கிலோமீட்டர் திரும்பி ஆட்டோவில் வந்தோம். ஒன்றரை ரூபாய் தண்டம்.

ஆட்டோக்காரர் வள்ளியூர்க்காரர், பதினைந்து வருஷமாகத் திருவனந்தபுரத்திலேயே இருப்பவர், பேச்சில் பாதி மலையாளம்.

"கன்வென்ஷனுக்கா சேச்சி? கொள்ளாம், போயிட்டு வாங்க. கையில மருந்து இருந்தா பெட்டிக்குள்ள வச்சிருங்க. மேசையில வைக்கச் சொல்லுவாங்க, கேட்டோ?"

"வைக்கத்தான் போறேன் அண்ணாச்சி" என்றாள் ஜெசி.

"அய்யோ மோளே" என்றார் அவர்.

ஓலைப் பந்தல், தரையில் பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். நகையே போடாத சபை அது, காதில் கம்மல் போட்டிருந்தவள் நான் மட்டும்தான். பார்த்தவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

பாஸ்டர் நன்றாகப் பேசினார், அதை மறைக்க மாட்டேன். மேடையில் ஒரு துணியில் மூன்று வட்டங்கள் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஆவி, ஆத்துமா, சரீரம். ஆவி, விசுவாசித்த அன்றைக்கே ரட்சிக்கப்பட்டு முடிந்தது. ஆத்துமா என்பது மனசும் ஆசையும் கோபமும், அது தினம் தினம் ரட்சிக்கப்பட்டு வருகிறது. சரீரத்தின் மீட்பு கர்த்தர் வரும் நாளில், அதுவரை அது காத்திருக்கிறது. இரண்டாவது வட்டத்தில் எனக்கு ஏகப்பட்ட வேலை பாக்கி என்பது அங்கேயே புரிந்தது.

பன்னிரண்டரைக்குக் கஞ்சியும் பயறும் போட்டார்கள். இலவசம், ருசியும் குறைவில்லை. மூன்று மணிக்கு, கடவுள் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டம். பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவராக எழுந்து போய் முன்மேசையில் மருந்தை வைத்தார்கள். ஒருவர் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, ஒரு அம்மா இருமல் டானிக். ஜெசி எழுந்து போய்த் தன் பழுப்பு பாட்டிலை வைத்தாள். நானும் பின்னாலேயே போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். பாட்டு நின்றது.

"சிஸ்டரே, அது தெய்வத்துக்குக் குடுத்ததாணு. எடுக்கக் கூடாது" என்றார் பாஸ்டர்.

"ஐயா, சரீரத்துக்கு மீட்பு கர்த்தர் வாற நாள்லன்னு காலையில நீங்கதான சொன்னீங்க. அவரு இன்னும் வரலியே. அதுவரைக்கும் இத யாரு பாக்கது?"

"விசுவாசம் பாக்கும்."

"அப்ப மத்தியானம் கஞ்சி எதுக்கு வச்சீங்க? பசிக்கு விசுவாசம் பத்தாது, நெஞ்சு நோவுக்கு மட்டும் பத்துமோ?"

பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. "மருந்து எடுத்தா நாளைக்கு அப்பத்தில பங்கில்ல. அதாணு சபையோட முறை" என்றார்.

இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அவளுக்குப் பதிலாக நான் மாத்திரையை விழுங்க முடியாதே. பாட்டிலை ஜெசியிடம் நீட்டினேன். "நீயே சொல்லுட்டீ" என்றேன். அவள் அந்த வட்டம் போட்ட துணியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஐயா, என் ஆவி ரட்சிக்கப்பட்டாச்சுல்லா? அத யாராவது திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப மாத்திர தின்னா எனக்கு என்ன போவும்?"

பாஸ்டர் திரும்பி அடுத்த பாட்டைத் தொடங்கினார். ஜெசி என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு பாய்க்கு வந்தாள்.

இரவு பெண்கள் கொட்டகையில் தங்கினோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, எல்லாரும் பார்க்க, பால் விடாத கட்டன் சாயாவோடு மாத்திரையை விழுங்கினாள். பத்து மணிக்கு அப்பத் தட்டு வந்தது. கொண்டுவந்த பெண் ஜெசியையும் என்னையும் தாண்டி என் பக்கத்துப் பெண்ணிடம் குனிந்தாள். ஜெசி கையை நீட்டி, தட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்தி, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். தட்டு அடுத்த பெண்ணிடம் போனது. எனக்குத்தான் அழுகை வந்தது.

போகிறவர்களுக்கு: கரமனையிலேயே இறங்குங்கள். பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள், ஜனவரியில் விடியற்காலை குளிரும். திரும்பி வர, மதியம் இரண்டரை வாக்கில் கரமனையில் நின்றாலே நாகர்கோவில் பஸ் கிடைக்கும், உட்கார இடமும் இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கைப்பையிலேயே வையுங்கள், நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். கடவுள் அதற்குக் கோபித்துக்கொள்வார் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஜெசி பதினெட்டு மாதமும் சாப்பிட்டு முடித்தாள். இன்றைக்கும் அதே சபையில்தான் இருக்கிறாள், முன்வரிசையில். அவ்வளவு நடந்த பிறகும் ஏன் விட்டு வரவில்லை என்று போன வாரம்கூடக் கேட்டேன்.

"நான் எதுக்கு எக்கா போவணும்? நான் மருந்து தின்னது பிடிக்காதவங்க வேணும்னா போவட்டும்."