பந்து பெரிதாகத் தெரிந்த மாதம்

ராமாமணி காங்கேயத்துப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். மாலையில் ஊர்க் கிளப்புக்காக வாலிபால் ஆடுவாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை பவர். கண்ணாடியை எலாஸ்டிக் நாடாவால் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் களத்தில் இறங்குவாள். தொண்ணூற்றேழில் திருப்பூரில் நடந்த போட்டியில் பந்து முகத்தில் மோதி, பிரேம் உடைந்து, புருவத்தில் மூன்று தையல். தையல் பிரித்த அன்றே, கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தியம் செய்கிறார்களாம், போய்ப் பார்க்கலாம் என்றாள்.

கணவன் பாலகோபால் எண்ணெய் மில்லில் ஃபிட்டர். எந்த மெஷினையும் தயங்காமல் பிரித்துப் போடுகிறவன், மனைவியின் கண்ணில் மெஷின் என்றதும் வெலவெலத்துப் போனான்.

பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டர் சாயிரா பானு விவரம் சொன்னார்.

"மரத்துப்போக சொட்டு மருந்து விடுவோம், ஊசி கிடையாதுங்க. மேலே சின்னதா ஒரு சிவப்பு வெளிச்சம் தெரியும், அதையே பாத்துட்டு இருக்கணும். டிக் டிக்னு சத்தம் கேட்கும். முடி கருகின மாதிரி வாசம் வரும். ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது."

"ஏனுங்க டாக்டர், பாதியில கண்ணைச் சிமிட்டிப்போட்டா?" என்றான் பாலகோபால்.

"இமையைக் கிளிப் போட்டுப் புடிச்சிருப்போமுங்க."

கிளிப் என்றதும் அவன் நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டான். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஆபரேசன் எனக்குங்க" என்று ராமாமணி சிரித்தாள்.

டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. செய்யும்போது வலிக்காது, அடுத்த மூன்று நாள் வலிக்கும். பார்வை மெதுவாகத்தான் தெளியும். மாலையில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும், சில மாதம் போகும். கொஞ்சம் பவர் மிச்சம் நிற்கலாம். ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது.

அடுத்த மே லீவில் செய்துகொண்டாள். எல்லாம் டாக்டர் சொன்னபடியே நடந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவினாற்போல எரிச்சல் தொடங்கியது. பாலகோபால் லீவு போட்டு, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, இரண்டு மணிக்கொரு தரம் மருந்து விட்டான். குறி தப்பி, முதல் நாள் பாதி மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று.

"காதுக்கு லேசர் பண்ணலீங்க" என்றாள், வலியோடு.

மூன்றாம் நாளுக்குள் அவன் கை பழகிவிட்டது.

இரண்டு வாரம் எல்லாம் பனிமூட்டமாகவே இருந்தது. ஒரு காலையில் படுக்கையிலிருந்து கூவினாள்: "ஏனுங்க, இங்க வாங்க! அந்தப் பல்லிக்கு அஞ்சு விரலுங்க!" அவனும் அண்ணாந்து பார்த்து, ஆமாம் ஐந்துதான் என்று ஒப்புக்கொண்டான்.

ஜூலையில் களத்துக்குப் போனாள். பந்து பூசணிக்காய் அளவுக்கு வந்தது. அவசரமாக எம்பி அடித்தாள், கை காற்றை வெட்டியது, பந்து உச்சந்தலையில் விழுந்தது. அன்று ஒன்றுகூடச் சரியாகப் படவில்லை. கண் கெட்டுவிட்டது என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

மறுநாளே டாக்டரிடம் போனார்கள். "மைனஸ் கண்ணாடி எல்லாத்தையும் சின்னதாக் காட்டுமுங்க" என்றார் அவர். "இத்தனை வருசமா நீங்க பாத்தது சின்னப் பந்து. இப்பத்தான் உள்ளபடி தெரியுது. பழகிரும். வாலிபால் ஆடறவங்களுக்கு இதை முன்னாடியே சொல்லியிருக்கணும், விட்டுப்போச்சு."

அதன் பிறகு தினமும் விடிந்ததும் மில்லுக்குப் பின்னால் பாலகோபால் பந்தைத் தூக்கிப் போட, அவள் அடித்தாள். அவனுக்கு ஒழுங்காகப் போடத் தெரியாது. கோணல்மாணலாக வந்த பந்துகளை ஓடி ஓடி அடித்ததிலேயே ஒரு மாதத்தில் அவளுக்குக் கணக்குப் பிடிபட்டது. செப்டம்பரில் தாராபுரம் போட்டியில் அணி தோற்றாலும், அவள் அடித்த பந்துகளை எதிரணியால் எடுக்க முடியவில்லை.

இடது கண்ணில் அரை பவர் மிச்சம் நின்றது. தூரத்து பஸ் போர்டு லேசாகக் கலங்கும். மெல்லிய கண்ணாடி எழுதித் தரட்டுமா என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாமுங்க. போர்டு படிக்க இவிய இருக்காங்க."

பாலகோபால் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டான். அன்று ஊர் திரும்ப நின்றபோது, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் உரக்கப் படித்தான், அவர்கள் போகாத ஊர்களையும் சேர்த்து.