தொண்டையில் ஓடிய ரயில்

மிமிக்ரிக்காரனுக்குக் காது கேட்கிற ஜனம் வேண்டும். எனக்கு வாய்த்ததோ திண்டிவனம் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளின் விடுதி. எங்கள் பங்குச் சாமியார் குரலில் "நாளைக்குப் பூசை கிடையாது" என்று சர்ச் மைக்கில் சொன்னதற்காக, பிளஸ் டூ லீவில் ஒரு மாதம் தொண்டு செய்ய அனுப்பியிருந்தார்கள். குரலை நம்பிக் கெட்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

முதல் நாள் கச்சேரி

சாப்பாட்டு நேரத்தில் விடுதி சிஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் குரலிலேயே அதட்டினேன். அடுத்து ரயிலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கிறவர், விழுப்புரம் ஜங்ஷன் அறிவிப்பு. ஒரு தலையும் நிமிரவில்லை. எல்லோரும் சாம்பாரில் மும்முரம். சிஸ்டர் மட்டும் திரும்பினார்.

"நல்லாத்தான் பண்ணிக்கினு இருக்கே. ஆனா இங்க கேக்குறவ நான் ஒருத்திதான்டா."

பெயருக்குப் பதில் சோறு

அங்கே ஆளுக்கொரு கைப்பெயர். சிஸ்டருக்கு, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது. நார்வேயிலிருந்து தொண்டு செய்ய வந்திருந்த இங்க்ரிட் அக்காவுக்கும் காது கேட்காது; வந்த அன்றே அவர் கன்னப் புள்ளிகளை விரலால் தொட்டுக் காட்டிப் பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவள் பன்னிரண்டு வயது செல்வி. கைப்பெயர் கிடைத்தால்தான் அவர்களில் ஒருவர். மூன்று வாரமாகியும் எனக்குக் கிடைக்கவில்லை.

வெட்கத்தை விட்டு, பெயர் கொடு என்று சைகையில் கேட்டேன். இன்னொரு தட்டு சோறு வந்தது. செல்வி சிரித்து, என் விரல்களைத் திருத்திவிட்டு, நிதானமாகக் கையால் சொன்னாள்:

"எல்லார் மாதிரியும் நடிச்சுக் காட்டறே. எதைப் பார்த்து உனக்குப் பேர் வைக்கிறது?"

கடைசி மதியம்

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். வெயில் மங்கி, வேப்பம்பூ சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டு ஞாபகத்தில், யாருக்காகவும் இல்லாமல், விழுப்புரத்தைவிட்டு மெல்ல நகரும் பாசஞ்சர் ரயிலைத் தொண்டைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த செல்வி என் கழுத்து அசைவதைப் பார்த்து உள்ளங்கையை வைத்தாள். அவள் கண்கள் மூடிக்கொண்டன. பிறகு ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள், இங்க்ரிட் அக்கா உட்பட. பாலம் வந்தது, வளைவு வந்தது. எல்லோரும் ஏறி இறங்கும்வரை ரயிலை நான் நிறுத்தவில்லை.

செல்வி தன் கழுத்தில் நான்கு விரல்களை வைத்து நடுங்கவிட்டு, என்னைக் காட்டினாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இனிமே உன் பேரு அதாம்பா. கழுத்துல ரயிலு ஓடுறவன்."

வாயாலேயே ஊரெல்லாம் கெட்ட பெயர் வாங்கிய நான், நன்றியோடு வாங்கிய ஒரே நல்ல பெயரை வாயால் சொல்ல முடியாது.