காசு வந்தால் கொடி வரும்

ஆனந்தராசா தனக்கென்று வாய்விட்டு எதையும் கேட்டுப் பழகாத மனிதர். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் முப்பது வருடம் சரக்குப் பெட்டி ஏற்றி இறக்கியவர். ஆனால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் அதை நிறைவேற்றும்வரை அவருக்கு நித்திரை வராது. அப்படிக் கொடுத்த ஒரு வாக்குத்தான் அவரை வசமாக மாட்டிவிட்டது.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணி நேரம் போனால் அவர் குடியிருக்கும் சிறு நகரம். கோடை வந்தால் அங்கே வரலாற்று விழா. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அரச படையொன்று பதினாலு மாதச் சம்பளப் பாக்கி கேட்டுச் சதுக்கத்தில் மல்லுக்கு நிற்பதும், கடைசியில் பாக்கி தீர்ந்ததும் அரச ஆணையரிடம் கொடியை ஒப்படைத்துவிட்டுக் கலைவதும்தான் நாடகம். சிப்பாய் வேடத்துக்கு ஆள் தட்டுப்பாடு வந்தபோது விழாச் சங்கத் தலைவர் ஆனந்தராசாவைப் பிடித்தார். ஒரு கோடைக்கு ஆளுக்கு எண்பது யூரோ என்றார். அதை நம்பி, "காசுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி, தன்னோடு வேலை செய்த பதினொரு பேரைக் கூட்டிவந்தார் இவர்.

இரண்டு கோடை போயிற்று, காசு வரவில்லை. கேட்டால், நகரசபையில் கொடுத்த விண்ணப்பம் இன்னும் கிடக்கிறது என்பார் தலைவர். கிடக்கிறதாம்! வெள்ளிப் பித்தான் வைத்த அவருடைய புது அங்கி மட்டும் எந்த விண்ணப்பத்துக்கும் காத்திராமல் வந்து சேர்ந்துவிட்டது.

ஒருநாள் கடையில் கண்ட அம்புறோஸ், "காசு பெரிசில்லை அண்ணை. நீங்கள் சொன்னபடியாத்தான் வந்தனாங்கள்" என்றான். சிப்பாய் வேடம் போடும் பதினொருவரில் அவனும் ஒருவன். ஆனந்தராசாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே கூசினார். தன் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடுவோமா என்று மனைவி மகாதேவியிடம் கேட்டார்.

"அந்தாள் தர வேண்டிய காசை நீங்கள் ஏன் குடுக்கிறியள்? பிறகு அவர் ஒருநாளும் தரமாட்டார்" என்று மகாதேவி ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

மூன்றாம் கோடையில் ஆனந்தராசாவுக்குக் கொடி பிடிக்கும் வேடம் கிடைத்தது. அரச ஆணையராக நடிக்கும் தலைவரே ஒத்திகையில் பாடம் எடுத்தார். "கடைசிக் காசு கைக்கு வரும்வரை அந்தக் காலத்துச் சிப்பாய்கள் கொடியை விடமாட்டார்கள். கொடி அவர்கள் கையில் இருந்தால் படையைக் கலைக்க முடியாது. அந்த விறைப்பைக் காட்டுங்கள்!" ஆனந்தராசா நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டார்.

விழா நாளன்று சதுக்கம் நிறையச் சனம். முன்வரிசையில் நகர மேயர். தலைவர் முரசின் மேல் தகரக் காசுகளைப் பரப்பிவிட்டுக் கொடிக்குக் கையை நீட்டினார்.

ஆனந்தராசா ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது தகரம்" என்றார், சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி, ஜெர்மன் மொழியில். "பன்னிரண்டு பேர், இரண்டு வருடம். ஆளுக்கு நூற்றறுபது யூரோ. காசு வந்தால் கொடி வரும்."

நாடகத்தில் புதிதாகச் சேர்த்த பகிடி என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. "பிறகு பேசுவோம்" என்று பல்லைக் கடித்தார்.

"இரண்டு வருடமாகப் பிறகுதான் பேசுகிறோம்."

பின்னால் அம்புறோஸ் ஈட்டிக் காம்பால் தரையில் ஓங்கிக் குத்தினான். மற்றப் பத்துப் பேரும் குத்தினார்கள். "கொடுத்துவிடுங்கள், ஆணையரே!" என்று மேயர் உற்சாகமாகக் கத்தினார். இனித் தலைவர் எங்கே போவார்? சங்கப் பொருளாளர் யூலியாவுக்குக் கணக்கு முழுவதும் தெரியும். இரண்டு வருடமாக அவளும் புழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். தலைவரைத் திரும்பியும் பாராமல் சங்கத்தின் பியர்க் கடைக் காசுப்பெட்டியைத் தூக்கிவந்து முரசின் மேல் வைத்தாள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அசல் யூரோத் தாள்களை எண்ணிக் கையில் கொடுத்தாள்.

கடைசியாக ஆனந்தராசாவின் பங்கை நீட்டினாள். அவர் அதை எண்ணவில்லை. "எல்லாருக்கும் சரியோ?" என்று திரும்பிக் கேட்டார்.

"ஓம் அண்ணை, சரி."

கொடியைத் தலைவர் கையில் கொடுத்தார். நெஞ்சு நிறைந்திருந்தது. நெடுநாளைக்குப் பிறகு அம்புறோஸின் முகத்தை நேரே பார்த்தார்.

அவன் காசை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்: "அடுத்த முறையும் கூப்பிடுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னா வருவம்."