அடிக்கோட்டில் ஒளிந்த பிள்ளை

செவன் கிங்ஸில் சிவமலரிடம் காசு போட்டுக் குறி பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவாமிப் படத்தைத் தேடுவார்கள். அவரோ அவர்களைச் சமையலறை மேசையில் இருத்துவார். சீனச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் நெடுங்காலம் இறால் உரித்தவர் சிவமலர். கடைக்காரி லாவ் அம்மா மத்தியான ஓய்வில் அவருக்குக் காட்டிக்கொடுத்த வித்தை இது. மூன்று காசை ஆறு தரம் எறிந்து, விழுகிற விதத்துக்கு ஏற்ப முழுக்கோடாகவோ நடுவில் உடைந்த கோடாகவோ கீழிருந்து மேலாக வரைய வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்று ஓர் உறவும், மண், தண்ணீர் என்று ஒரு தன்மையும் உண்டு. தேடுகிற உறவு ஆறிலும் இல்லாவிட்டால் அது வேறொரு கோட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். யாருக்கு அடியில் என்று பிடிப்பதில் சிவமலர் கெட்டிக்காரி.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கிருஷ்ணராசா வந்தார்.

"அக்கா, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

"என்ன விசயம்?"

"அதையும் நீங்கள்தான் சொல்லவேணும்."

"டொக்டரிட்டைப் போயும் வருத்தத்தைச் சொல்லாமல்தான் இருப்பீரோ?"

கிருஷ்ணராசா சிரித்துக்கொண்டு விசயத்துக்கு வந்தார். மகள் விதுஷாவுக்குக் கிளாஸ்கோவில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். அனுப்புவதா, மறிப்பதா?

"பிள்ளை எங்கை?"

"வெளியிலை, காருக்குள்ளை. சாதகம் பாக்கப் போகேக்கை பிள்ளையையும் கொண்டே போறனாங்கள்?"

சாதகத்துக்குப் பிறந்த நேரம் போதும். இதற்கு, கேள்விக்குரியவரின் கையே எறியவேண்டும். சிவமலர் வாயெடுக்குமுன் அவர் காசை அள்ளி எறியத் தொடங்கிவிட்டார்.

கீழே இரண்டு உடைந்த கோடு, மேலே நாலு முழுக்கோடு. அதற்குப் பெயர் விலகி நிற்றல் என்று சிவமலர் சொன்னார். பிள்ளைக்குரிய கோடு ஆறிலும் இல்லை. அடிக்கோட்டைப் பார்த்ததும் சிவமலருக்குச் சிரிப்பு வந்தது.

"பிள்ளை இஞ்சை அடியிலை ஒளிச்சிருக்கு."

"ஆருக்கு அடியிலை?"

"பெற்றோருக்கு. அது மண், பிள்ளை தண்ணி. மண் ஏறி இருந்து தண்ணியை அமத்துது."

"என்ரை மனிசி அப்பிடித்தான் அக்கா!"

"காசை எறிஞ்சது உம்மடை மனிசியோ?"

கிருஷ்ணராசா மீசையைத் தடவினார். "நானோ? பிள்ளையைக் கார் லைசென்ஸ் எடுக்க வச்சதே நான்தானே!"

"அப்ப இண்டைக்குக் கார் ஓடிக்கொண்டு வந்தது ஆர்?"

"அது... ரோட்டிலை பஸ் எல்லாம் வருமெல்லே."

சிவமலர் வாசலுக்குப் போய் விதுஷாவைக் கூப்பிட்டு வந்தார்.

"பிள்ளை, உனக்குக் கிளாஸ்கோ போக விருப்பமோ?"

விதுஷா முதலில் தகப்பனைப் பார்த்தாள். பிறகு, "ஓம் அன்ரி. சரியான விருப்பம். அப்பா மழையைப் பற்றிச் சொன்னார், குளிரைப் பற்றிச் சொன்னார். இதைக் கேக்கவே இல்லை" என்றாள்.

கிருஷ்ணராசா அந்த அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலகி நில் எண்டது எனக்கே, அக்கா?"

"வேறை ஆருக்கு?"

அவர் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் ஏன் பொறுக்கவேணும்? இப்பவே ஓம் எண்டு அனுப்பு பிள்ளை." பிறகு சட்டைப்பையைத் துழாவிக் கார்ச் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

சிவமலர் ஜன்னலடியில் நின்று பார்த்தார். கார் ஒருமுறை குலுங்கி நின்று, பிறகு புறப்பட்டது. "சைக்கிள்! சைக்கிள் வருது! இண்டிக்கேற்றரைப் போடு!" என்ற குரல் தெருவெல்லாம் கேட்டது. தகப்பன் பக்கத்துக் கதவுக் கண்ணாடியை மகள் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தி மெல்ல ஏற்றினாள்.