ஒன்பதாம் பிரேம்

ஜெய்னம்பு அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது, தேனியில் என் எடிட்டிங் அறையில் அவர் எடுத்த கல்யாணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்பம், உத்தமபாளையம் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் கேமரா பிடித்தவர் அவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெட்டி ஒட்டுவது என் வேலை.

படத்தில் வர விரும்பாத பெண்களுக்கு அக்கா வாக்குக் கொடுத்துவிடுவார். அவர்கள் முகம் விழுந்திருந்தால் நான் நீக்க வேண்டும். பழைய பிளேயர் நொடி வரைக்கும்தான் காட்டும். நொடிக்கு இருபத்தைந்து படம், பிரேம் என்போம், ஓடும்போது குத்துமதிப்பாக வெட்டினால் ஒன்றிரண்டு தங்கத்தான் செய்யும். பிறகு பிரேம் எண்ணையும் காட்டும் பிளேயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நொடிக்குப் பக்கத்தில் ஓடும் அந்த எண்ணைக் கண்டதும் அக்காவுக்கு ஒரே குஷி. “இனி நீ சாக்குச் சொல்ல முடியாதுப்பா” என்றார்.

“ஒரு பிரேம் யார் கண்ணுலக்கா படப்போகுது?” என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன்.

“நிறுத்திப் பாக்குறவனுக்குப் படும். என்னைய நம்பித்தானப்பா முக்காட்ட எடுத்தாக.”

தன்னையும் அவர் படமெடுக்க விட்டதில்லை. யாராவது கேமராவைத் திருப்பினால் லென்ஸைக் கையால் மூடிவிடுவார்.

இவ்வளவும் தெரிந்த மடையன் நான். வீடியோக்காரர்கள் சேர்ந்து கம்பத்தில் அஞ்சலி பிளக்ஸ் வைக்கலாம் என்றபோது, படம் நான் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். பழைய பதிவுகளை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தித் தேடினேன். ஒரு மணப்பெண் அறையில் கேமரா பீரோ கண்ணாடியைக் கடக்கும்போது அக்கா அதில் விழுந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது ஒரே பிரேமில். நொடிக்குப் பக்கத்தில் 09. சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கம்பம் பஸ் ஸ்டாண்ட் எதிரே பிளக்ஸில் ஆளுயரத்துக்கு நின்றார். அவர் மகள் போன் செய்தாள். சத்தம் போடவில்லை.

“அம்மா இருந்தா இத விட்டிருப்பாகளா மாமா? எறக்கிருங்க.”

கூனிக் குறுகிப் போனேன். உடனே பஸ் ஏறிப் போய் நானே கயிற்றை அறுத்தேன். சுருட்டும்போது டீக்கடையிலிருந்து ஒருவர், “சிரிச்ச முகமா இருக்காகளே, யாருப்பா?” என்றார். முகம் உள்ளே போகும்படி மீதியையும் சுருட்டினேன். சுருட்டியதை மகளிடம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.

அன்றே அந்தப் பதிவில் அந்த ஒரு பிரேமைக் கறுப்பாக்கினேன். ஓட்டினால் யார் கண்ணிலும் படாது. நிறுத்திப் பார்த்தால் எண் மட்டும் இருக்கும், 09. அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கறுப்புதான்.