அக்காவுக்கு வந்த அன்ட்றாக்

என் அக்கா நிருபமாவுக்கு வயது முப்பத்திமூன்று. ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரில் டிராம் ஓட்டுகிறாள். இதில் எங்கள் சனத்துக்கு எது பெரிய கவலை, வயதா டிராமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கும் தமிழர் கோயில் திருவிழாவுக்குப் போனால் அம்பாளைக் கும்பிடுமுன் நாலு பேர் மறித்து, "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அம்மாவோ அவள் ஓட்டும் டிராமில் ஒருநாளும் ஏறியதில்லை. வெட்கமாம்!

அக்காவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜோர்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துக் கதைகளை ஜெர்மனில் வாசிப்பாள். கடைசித் தரிப்பில் டிராம் நிற்கும் பத்து நிமிடத்திலும் கையில் புத்தகம்தான். அந்தக் கதைகளில் மாப்பிள்ளையின் பெயர் தெரியுமுன் அவன் வருமானம் ஊருக்கே தெரிந்துவிடும். இருபத்தேழு தாண்டியவள் கரைசேராதவள். "இருநூறு வருசமாச்சு, எங்கட ஆக்கள் இன்னும் அதிலதான் நிக்கினம்" என்பாள்.

ஒருநாள் சமையலறையில் அவள் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். அதில் 'அன்ட்றாக்' என்ற சொல் வந்தது. அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் அன்ட்றாக் என்றால் அகதி விண்ணப்பம். அப்பாவுடையதை இரண்டு தரம் நிராகரித்தார்கள்.

"பாவம், அந்தப் பொடியனுக்கு விசா கிடைச்சுதோ?" என்று கேட்டாள் அம்மா.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "அம்மா, ஜெர்மன்காரருக்குக் கலியாணம் கேக்கிறதும் அன்ட்றாக்தான். பெட்டை அதை நிராகரிச்சிட்டாள்" என்றாள் அக்கா.

"பெட்டைக்கு அப்பிடிச் செய்ய ஏலுமோ?" அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் லண்டனிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் சுந்தரேஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவை ஒரு வார்த்தை கேட்காமலே அப்பா தொலைபேசியில் சம்மதம் சொல்லியிருந்தார். நல்ல அப்பா!

"கலியாணத்துக்குப் பிறகு டிராம் வேண்டாம். எங்கட சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார் சுந்தரேஸ்வரி.

"எனக்கு விருப்பமில்லை அன்ரி. வேலையையும் விடமாட்டன்" என்றாள் அக்கா.

அந்த மனுசி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பிள்ளையள் அப்பிடித்தான் சொல்லுவினம் அண்ணை. நாங்கள் நாள் வைப்பம்" என்றார். அப்பாவும் தலையாட்டினார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

அம்மா தேத்தண்ணித் தட்டை மேசையில் டங்கென்று வைத்தாள். "அன்ட்றாக் வந்தது அவளுக்கு. அவள் நிராகரிச்சிட்டாள். அவளுக்காக வேற ஆரும் கையெழுத்து வைக்கேலாது."

"செல்லம், சும்மா இரு. எங்கட கலியாணத்தில உன்னை ஆர் கேட்டது?" என்றார் அப்பா.

"அதைத்தான் நானும் சொல்லுறன். எனக்கு அன்ட்றாக்கே வரேல்லை. முடிவு மட்டும்தான் வந்தது. உங்களை நிராகரிச்சவங்களை எதிர்த்து நீங்கள் ரெண்டு தரம் வழக்குப் போட்டியள். நான் ஆரிட்டைப் போறது?"

சுந்தரேஸ்வரி மகனின் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணி ஆறிப் போனது.

பின்னேர வேலைக்கு அக்கா சீருடை போட்டுக்கொண்டு புறப்பட்டாள். பின்னால் அம்மாவும் சப்பாத்தை மாட்டினாள்.

"எங்கையம்மா?"

"உன்ர டிராமிலதான். முன் சீற்றில இருப்பன். பாக்கிறவை பாக்கட்டும்."